கடன் எழுதாத கம்பளி

கொழும்பிலிருந்து புறப்பட்டுத் தென்னந்தோப்புகளையும் வயல்வெளிகளையும் கடந்து ரம்புக்கனையை அடையும் புகைவண்டி, அங்கிருந்து ஏறக்குறைய 45 அடிக்கு ஓரடி என்ற ஏற்றத்தில் மலைச்சரிவைப் பற்றிக்கொண்டு, சுரங்கங்களினுள் புகுந்தும் வெளிப்பட்டும் மெல்ல மெல்ல மேலேறிக் கடுகண்ணாவை நிலையத்தில் வந்து நிற்கும்போது, ஜன்னலோரத்தில் அமர்ந்திருக்கும் பெண்கள் தம்மையறியாமலே சேலைத் தலைப்பைத் தோளின்மேல் இழுத்துப் போர்த்திக்கொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கண்டிக்குச் செல்லும் பெருஞ்சாலையை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832-இல் எழுப்பப்பட்ட கோபுரமும், 2014-இல் திறக்கப்பட்ட புகையிரத அருங்காட்சியகமும் இவ்வூருக்கு வருவோரின் கண்களை முதலில் கவர்கின்றன. ஆனால் இவ்வூரின் உண்மையான விசேஷம், சமவெளியின் வெக்கையும் மலையின் குளிர்ச்சியும் இங்கே ஒன்றையொன்று சந்திப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்திலுள்ள கடுகண்ணாவையில், மார்கழி தை மாதங்களின் அதிகாலைகளிலே பனிமூட்டம் பள்ளத்தாக்கை நிரப்பி நிற்குமேயன்றி, கழுத்தில் கம்பளி சுற்றிக்கொண்டுதான் வெளியே போகவேண்டும் என்ற அளவுக்குக் குளிர் வருவதில்லை. அந்தக் குளிர், இதே தண்டவாளத்தின் மேல்முனையில் இருக்கிறது. பேராதனைச் சந்தியில் கண்டிப் பாதையை விட்டுப் பிரிந்து, கம்பளை, நாவலப்பிட்டி, ஹற்றன் வழியாக 1885-இல் நானுஓயாவரை சென்றடைந்த அந்த இருப்புப்பாதையில் ஏறிச் செல்பவருக்கு, ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஆறரைப் பாகை உஷ்ணம் குறைந்துகொண்டே போகும். 1868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஆண்டின் சராசரி உஷ்ணம் 16 பாகை அளவிலே நிற்க, தை மாதத்துச் சில இரவுகளில் அது உறைநிலையை நெருங்கி, விடியும்போது புல்தரைகளிலும் தேயிலைக் கொழுந்துகளிலும் வெண்பனி படிந்து கிடக்கும். கடுகண்ணாவையில் பிறந்து வளர்ந்த ஒருத்தி, ஆசிரியையாகவோ தாதியாகவோ நியமனம் பெற்று அந்தக் குளிருக்குள் போகப்போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய சிநேகிதி அவளுக்கு என்ன கொடுத்தனுப்புவது? தன் கையாலே பின்னிய ஒரு கழுத்துத்துணியை, மலையகத்தில் வழங்கும் பெயரால் சொன்னால் ஒரு மஃப்ளரை, கொடுத்தனுப்பலாம் என்பதே என் யோசனை. நுவரெலியாக் கடைத்தெருவில் இயந்திரம் பின்னிய மஃப்ளர்கள் மலிவாகக் கிடைக்கும்போது கையால் பின்னுவானேன் என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு விடை சொல்லவேண்டுமானால், இந்த மலைநாட்டுக்குக் கம்பளி எந்த வழியாக வந்தது என்பதை முதலில் சொல்லியாகவேண்டும்.

கோப்பிக் காலத்திலும், பின்னர் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867-இல் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டதைத் தொடர்ந்து வந்த தேயிலைக் காலத்திலும், தென்னிந்தியாவின் வறண்ட கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, வழியிலே பலரைச் சாகக்கொடுத்துவிட்டு மலையேறிய நம் முன்னோர்களுக்கு, குளிர் என்பதே அந்நியமான அனுபவமாக இருந்தது. அவர்களுக்குத் தோட்டத்தில் கொடுக்கப்பட்டது கறுப்புக் கம்பளி. கரடுமுரடான ஆட்டுரோமத்தால் நெய்யப்பட்ட அந்தக் கனத்த துணிதான், கொழுந்துக்கூடையின் கயிற்றுக்கடியிலே தலையையும் முதுகையும் மழையினின்று காத்தது. இரவிலே லயம் எனப்படும் வரிசைவீட்டுத் தரையில் குழந்தைகளோடு போர்த்திக்கொள்ளும் போர்வையாகவும் அதுவே இருந்தது. ஆனால் அது தானமாகக் கொடுக்கப்பட்டதன்று. அரிசியின் விலையைப் போலவே கம்பளியின் விலையும் தொழிலாளியின் பெயரிலே கடனாக எழுதப்பட்டுக் கூலியில் கழிக்கப்பட்டது. தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியிடமும் தோட்டத்திடமும் ஏறிய இத்தகைய கடன்களே ஒரு மனிதனைத் தோட்டத்தோடு பிணைத்து வைத்தன. கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது என்ற கொடிய முறை, 1921-ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் ஒழிக்கப்பட்டது. தன் உடம்பை மூடிய ரோமத்துக்குக்கூடக் கணக்குத் தீர்க்கவேண்டியிருந்த ஒரு சமுதாயத்தின் பேத்திகள், விலையும் கேளாமல் கைம்மாறும் கருதாமல் ஒருவருக்கொருவர் கம்பளி பின்னிக் கொடுத்துக்கொள்வதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நிறைந்துவிடுகிறது. இதை விளையாட்டாகச் செய்யும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

பின்னல் என்பது நெசவினின்று வேறான தொழில். கறுப்புக் கம்பளி நெய்யப்பட்டது. அதற்குத் தறி வேண்டும், பாவும் ஊடையுமாக இருவகை நூல் வேண்டும், தறியை நிறுத்த இடம் வேண்டும். பின்னலுக்கோ இரண்டு ஊசிகளும் அறுபடாத ஒரே நூலும் போதும். அந்த ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, முன்வரிசையின் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் புகுந்து வெளிவந்து, ஒரு துணியாகிவிடுகிறது. மல்லிகைச் சரம் தொடுத்துப் பழகிய விரல்களுக்கு இதன் லயம் விரைவிலே பிடிபட்டுவிடும். இக்கலையின் மிகப் பழைய எச்சங்கள் எகிப்திலே கிடைத்துள்ளன. பதினோராம் நூற்றாண்டையொட்டிய அத்துண்டுகள் நீலமும் வெள்ளையுமான பருத்தி நூலாலானவை. ஆகவே பின்னல் என்றாலே ரோமமும் குளிர்நாடும்தான் என்று எண்ணுவது சரியன்று. வெயில் நாட்டிலே, பருத்தியிலேதான் அது நமக்கு முதன்முதலில் காணக்கிடைக்கிறது. அங்கிருந்து ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவெங்கும் பரவி, 1589-இல் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் காலுறை பின்னும் பொறியை ஆக்கியபின் பாதி இயந்திரத்தொழிலாகவும் பாதி வீட்டுக்கலையாகவும் மாறி, பிற்பாடு பாதிரிமாரின் மனைவியரோடு கப்பலேறி நம் நாடுகளுக்கு வந்தது.

தமிழ்ப் பெண்களுக்கு இந்த ஊசிவேலைகள் எவ்வாறு அறிமுகமாயின என்ற வரலாற்றிலே, பின்னலுக்கு உடன்பிறப்பான சரிகைப்பூ வேலையான ‘லேஸ்’ பற்றிய ஒரு செய்தியை இங்கே குறிப்பிடாமல் இருக்க மனம் வரவில்லை. 1820-களில் நாகர்கோவிலில் மோல்ட் பாதிரியாரின் மனைவியார் தம் பள்ளிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அப்பெண்களில் சிலர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தாம் பின்னிய லேஸை விற்று வந்த பணத்தைக் கொடுத்தே தம் விடுதலையை வாங்கிக்கொண்டார்கள். அந்த மோல்ட் தம்பதியரின் மகள் எலைசாவையே, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் 1844-இல் மணந்தார். கால்டுவெல் பணியாற்றிய இடையன்குடிக்கு லேஸ் வேலையைக் கொண்டுசென்றவர் அந்த அம்மையாரே. இலங்கையிலும் 1824-இல் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரி முதல், 1879-இல் கண்டியிலே எழுந்த மகளிர் உயர்பாடசாலை வரை, பெண்கள் பள்ளி என்றால் ஊசிவேலை அதன் பாடங்களில் ஒன்று என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் வழக்கமாயிற்று. லயத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளிகளின் வாசல் நெடுங்காலம் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இனிப் பின்னும் வேலைக்கு வருவோம். நூல் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால், யாருக்குப் பின்னுகிறோமோ அவரைப் பற்றிச் சில நாட்கள் சிந்தித்தாகவேண்டும். அவள் குளிருக்கு மஃப்ளரைக் கழுத்தில் மட்டும் சுற்றுவாளா, அல்லது மலையகத்தில் பெரும்பாலோர் செய்வதுபோல் காதுகளையும் சேர்த்து மூடித் தலையில் கட்டிக்கொள்வாளா? தலையில் கட்டுபவளுக்கு 20 சென்ரிமீட்டர் அகலம் போதாது. 28 அல்லது 30 வேண்டும். மோட்டார் சைக்கிளிலோ முச்சக்கரவண்டியிலோ தினமும் பிரயாணம் செய்பவளா? அப்படியானால் நீண்டு தொங்கும் முனைகள் கூடவே கூடா. நாட்டியத்தில் உலகப்புகழ் பெற்ற இசடோரா டங்கன் அம்மையார் 1927-இல் பிரான்சு தேசத்து நீஸ் நகரில் மோட்டார் வண்டியொன்றில் புறப்பட்டபோது, கழுத்திலிருந்த நீண்ட பட்டுத்துணி சக்கரத்தில் சிக்கி உயிர்நீத்தார். நம் ஊர்களிலும் சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி நேரும் விபத்துகள் அபூர்வமல்ல. அத்தகைய சிநேகிதிக்கு இருமுனைகளையும் இணைத்து வளையமாகப் பின்னிக் கொடுப்பதே அன்பான செயல். கைக்குழந்தையுள்ளவளுக்குக் குஞ்சம் வைக்கக்கூடாது, குழந்தை அதை வாயில் வைக்கும். இவ்வளவையும் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் பரிசின் இரகசியம் போய்விடும். ஆகவே கவனித்தே அறியவேண்டும். ஒரே ஒரு கேள்வியை மட்டும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவைப்பது நல்லது: “கம்பளி பட்டால் உனக்குக் கழுத்து அரிக்குமா?”

ஏனெனில் நூலைத் தேர்ந்தெடுப்பது முழுவதும் அந்த விடையைப் பொறுத்தது. ஆட்டுரோமம் கெரட்டின் என்னும் புரதத்தாலானது. இயல்பாகவே நெளிநெளியாக இருப்பதால் தன் நெளிவுகளுக்கிடையே காற்றைச் சிறைப்பிடித்து வைத்து வெப்பத்தைக் காக்கிறது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டபின்னும் தொட்டால் ஈரமாகத் தோன்றாத அதன் குணம், நாளெல்லாம் மூடுபனி சூழ்ந்திருக்கும் நானுஓயா போன்ற ஊருக்கு எவ்வளவு ஏற்றது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் எல்லா ரோமமும் ஒன்றன்று. மெரினோ ஆட்டின் ரோமம் இருபது மைக்ரோன் அளவோ அதற்கும் குறைவான பருமனோ உடையதாகையால் தோலில் பட்டதும் வளைந்துகொடுக்கும். முப்பது மைக்ரோனுக்கு மேற்பட்ட தடித்த ரோமத்தின் நுனிகள் வளையாமல் தோலைக் குத்தும், அதையே நாம் அரிப்பு என்கிறோம். பழைய கறுப்புக் கம்பளியைக் கழுத்தில் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். யாழ்ப்பாணத்துச் செம்மறிகூடக் கம்பளி ரோமம் தராத மயிர் வகையைச் சேர்ந்ததே. ஆகையால் இலங்கையில் பின்னுபவர்களுக்கு நல்ல ரோமநூல் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும், விலையும் அதற்கேற்ப இருக்கும். கண்டிக் கடைகளில் ‘வூல்’ என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது அக்ரிலிக் இழை. அதைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. அரிப்பு தராது, பூச்சி அரிக்காது, எளிதாகத் துவைக்கலாம், நிறம் மங்காது. ஈரத்தை உறிஞ்சாது என்பதும், நெருப்பருகே உருகும் என்பதுமே அதன் குறைகள். விறகடுப்பின்முன் குனிந்து சமைப்பவளுக்கு அக்ரிலிக் மஃப்ளர் தரலாகாது. கடுகண்ணாவையிலேயே இருக்கப்போகும் சிநேகிதியானால் ரோமமும் வேண்டாம், அக்ரிலிக்கும் வேண்டாம்; பருத்திநூலே இந்த ஊர்ச் சீதோஷ்ணத்துக்கு உகந்தது.

நடுத்தரப் பருமனுள்ள நூலையும் 5 மில்லிமீட்டர் ஊசிகளையும் எடுத்துக்கொண்டு, முதலில் உள்ளங்கையளவில் ஒரு மாதிரித் துண்டு பின்னிப் பார்க்கவேண்டும். அவசரக்காரர்கள் இதைத் தவிர்ப்பார்கள்; பின்னால் வருந்துவார்கள். ஒருவருடைய கை இறுக்கிப் பின்னும், இன்னொருவருடைய கை தளர்த்திப் பின்னும்; ஆகவே பத்துச் சென்ரிமீட்டருக்கு எத்தனை கண்ணிகள் விழுகின்றன என்பதை அவரவர் கைதான் சொல்லவேண்டும். 18 கண்ணிகள் விழுந்தால், 20 சென்ரிமீட்டர் அகலத்துக்கு 36 கண்ணிகளை ஊசியில் ஏற்றிக்கொள்ளலாம். எல்லா வரிசைகளையும் நேர்கண்ணியாகவே (ஆங்கிலத்தில் ‘நிட்’) பின்னிக்கொண்டு போவது, ஆரம்பிப்பவர்களுக்கு மட்டுமன்றித் தேர்ந்தவர்களுக்கும் மஃப்ளரைப் பொறுத்தவரை சிறந்த முறை. ஒரு வரிசை நேர்கண்ணியும் அடுத்த வரிசை மறுகண்ணியுமாகப் (‘பேர்ல்’) பின்னினால் முன்பக்கம் வழவழப்பாக அழகாயிருக்கும். ஆனால் இருபக்கத்துக் கண்ணிகளின் இழுவை சமமாக இல்லாமையால் ஓரங்கள் சுருண்டு துணியே குழல்போலாகிவிடும். நேர்கண்ணி வரிசைகளில் அந்த இழுவை மாறிமாறி விழுவதால் துணி தட்டையாகக் கிடக்கும், இருபுறமும் ஒன்றுபோலவே தோன்றும். இந்த முறையில் பத்துச் சென்ரிமீட்டருக்கு ஏறக்குறைய 36 வரிசைகள். 160 சென்ரிமீட்டர் நீளத்துக்கு 576 வரிசைகள். மொத்தம் இருபதாயிரத்துக்கும் அதிகமான கண்ணிகள். நிமிஷத்துக்கு இருபத்தைந்து கண்ணிகள் பின்னுபவருக்குப் ஏறக்குறையப் பதினான்கு மணி நேர வேலை. இருநூறு முதல் இருநூற்றைம்பது கிராம் நூல் போதுமானது. அதை ஒரே சாயத்தொகுதி எண்ணுள்ளதாகப் பார்த்து ஒரே தடவையில் வாங்கிவிடவேண்டும், பிந்தி வாங்கும் நூல் அதே பெயருள்ள நிறமாயிருந்தாலும் வெயிலில் வேறாகத் தெரியும்.

இந்தப் பதினான்கு மணி நேரத்தில், கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்க மனம் சிநேகிதியையே சுற்றிக்கொண்டிருக்கும். இயந்திரத்துக்கு இல்லாததும், கடைத்தெருவிலே விலைக்கு வாங்க முடியாததும் அதுதான். பெறுபவளும் இதை அறிவாள். துணியைத் தொட்டவுடனே அறிவாள்.

அவளுக்கென்றே ஒரு கோலத்தை அமைக்க விரும்பினால், கடுகண்ணாவைக்காரர்கள் வெகுதூரம் அலையவேண்டியதில்லை. பிலிமத்தலாவையிலிருந்து திரும்பும் சாலையிலே, கணேசுவராசாரி என்னும் தென்னாட்டுச் சிற்பியின் தலைமையில் 1344-இல் கருங்கல்லால் எழுப்பப்பட்ட கடலாதெனிய விகாரையும், அதற்கப்பால் கதிர்காமத் தெய்வத்துக்குரிய எம்பக்க தேவாலயமும் இருக்கின்றன. எம்பக்கவின் மரத்தூண்களிலே பின்னிப்பிணைந்த அன்னங்களுக்கும் இருதலைப்புள்ளுக்கும் இடையில் முறுக்கிப் பிணைந்த கயிற்றுக்கோலங்களும் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றை உற்றுப் பார்க்கும்போது, கம்பளி பின்னுவோர் கண்ணிகளை இடம்மாற்றிச் செய்யும் வடக்கோலத்தை மரத்திலே காண்பதுபோலிருக்கும். ஆறு கண்ணிகளில் மூன்றைச் சிறிய துணை ஊசியொன்றில் எடுத்து முன்னே நிறுத்திவிட்டு, மற்ற மூன்றையும் பின்னி முடித்து, நிறுத்திய மூன்றைப் பிறகு பின்னினால் வடம் ஒருமுறை முறுக்கிக்கொள்ளும். ஆறு அல்லது எட்டு வரிசைக்கு ஒருமுறை இதைத் திருப்பிச் செய்யவேண்டும். வடம் துணியைக் குறுக்கிவிடுமாகையால் ஆரம்பத்திலேயே நான்கைந்து கண்ணிகளைக் கூட்டிக்கொள்வது அவசியம். மஃப்ளரின் மறுபக்கமும் வெளியே தெரியும் என்பதால், வடத்தின் கண்ணிகளை நேர் ஒன்று, மறு ஒன்று என்று மாற்றி மாற்றிப் பின்னினால் இரு பக்கத்திலும் வடம் ஒரேவிதமாக எழும்பும்.

கண்டிக்கு அப்பால், மெனிக்ஹின்னைக்கு அருகிலுள்ள கலாசிறிகமவில் இன்றும் நெய்யப்படும் தும்பறைப் பாய்களின் கோலங்கள் மற்றொரு களஞ்சியம். அவை சதுரமும் சாய்சதுரமுமாகக் கட்டங்களை எண்ணி அமைக்கப்பட்டவையாதலால், கட்டத்தாளில் எழுதிக்கொண்டு கண்ணிகளாக மாற்றுவது எளிது. இருநிற நூலால் பின்னும்போது பின்பக்கத்தில் இழைகள் தொங்காமலிருக்க, இரண்டு அடுக்காகப் பின்னும் இரட்டைப் பின்னலைக் கையாண்டால் ஒருபக்கம் கருமையில் வெண்கோலமும் மறுபக்கம் வெண்மையில் கருங்கோலமுமாக அமையும். இந்தக் கண்டிக் கைத்தொழில்களின் மேன்மையை உலகுக்கு எடுத்துரைத்த ஆனந்த குமாரசுவாமி நம்மவர். நிலவியல் ஆய்வுக்காக மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்த காலத்தில் சேகரித்த செய்திகளைக் கொண்டு அவர் 1908-இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலுக்கு, அவருடைய மனைவி எதல் எடுத்த புகைப்படங்கள் பேருதவியாயின. எதல் அம்மையாரோ பிற்காலத்தில் எதல் மைரே என்ற பெயரால் இங்கிலாந்தின் கைநெசவுக்குப் புத்துயிர் கொடுத்தவர்களுள் முதன்மையானவரானார்; அவர் 1916-இல் தாவரச் சாயங்களைப் பற்றி எழுதிய நூல் இன்றும் ரோமத்துக்குச் சாயமிடுவோர் கையில் இருக்கிறது. கண்டி நெசவாளரின் விரல்களைப் பார்த்து நின்ற அந்த ஆண்டுகள் அவருடைய பிற்கால வாழ்வில் பலன் கொடுத்தன என்றே நான் நம்புகிறேன்.

பின்னி முடித்தபின் நூல்முனைகளைக் கண்ணிகளுக்குள் ஊசியால் இழுத்து மறைத்து, துணியை வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, முறுக்காமல் துவாலையில் சுருட்டிப் பிழிந்து, பாயின்மேல் வேண்டிய அளவுக்கு நீட்டிக் குண்டூசி குத்தி நிழலிலே உலரவிட்டால், மேடுபள்ளமாயிருந்த கண்ணிகளெல்லாம் ஒழுங்குபட்டுவிடும். கடுகண்ணாவையின் மழைக்காலத்தில் இதற்கு மூன்று நாட்கூடச் செல்லும். ஈரம் இருக்கும்போதே மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். ரோமத்தின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உண்டு. கொதிநீரும் கசக்கலும் பட்டால் அவை ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டு, துணி சுருங்கித் திரண்டுவிடும், பிறகு அதை மீட்க வழியில்லை. ஆகவே பரிசோடு, எவ்வாறு துவைக்கவேண்டும் என்று கைப்பட எழுதிய ஒரு சிறு தாளையும், பூச்சி அணுகாதிருக்க ஒரு துண்டு வசம்பையும் வைப்பது நன்று. எஞ்சிய நூலில் பத்து மீட்டரளவு சுற்றி அத்துடன் கொடுத்துவிட்டால், என்றாவது ஒரு கண்ணி அறுந்தால் அவளே சரிசெய்துகொள்வாள். ஆனால் மஃப்ளரை முதன்முதலில் நனைக்கும்போதே அந்த நூலையும் உடன் நனைத்து உலர்த்திக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் நனையாத நூலின் நிறமும் பருமனும் நனைந்த துணியோடு பொருந்தமாட்டா.